மூன்றாவது கேஜ்

பல் டாக்டர் போட்ட கோடு மறுபடியும் நகர்ந்திருந்தது.

நேற்று பலகையின் விளிம்பிலிருந்து பதினெட்டு மில்லிமீட்டரில் கிழித்தது, இன்று இருபதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார். "மாப்பிள்ளைக்கு ஆணியில எந்தப் பக்கம் கூர்னு தெரியுமா?" என்று கல்யாணத்திலேயே கேட்டவர். அவர் உட்கார ஒரு பெஞ்சைத் தன் கையாலேயே செய்து காட்டுவதாக டாக்டர் சபதம் போட்டிருந்தார்.

"கேஜ் நழுவுது," என்றார் மனைவியிடம். விளிம்புக்கு நேராகக் கோடு கிழிக்கும் அந்தச் சின்னக் கருவியைக் கடையில் ஒரு மணி நேரம் உருட்டிப் பார்த்து வாங்கியிருந்தார்.

"கேஜ் நழுவுதா, நீங்க நழுவுறீங்களா?"

கடைக்கு ஓடினார். "இந்த ஆணி வச்ச கேஜ் வேணாங்க. பிளேடு வச்சது குடுங்க."

"திருகை இறுக்கிட்டா யானை இழுத்தாலும் அசையாது சார்," என்றார் கடைக்காரர்.

புதிதாகக் கிழித்த கோடு மறுநாள் இருபத்தொன்றில் இருந்தது.

மூன்றாவதாகப் பித்தளைச் சக்கரம் வைத்த கேஜ் வந்தது. டாக்டர் அதைப் பதினெட்டில் நிறுத்தி, பல்லுக்குப் போடும் சிமெண்டால் ஒட்டியே விட்டார். இனி அது வேறு எந்த அளவுக்கும் உதவாது. கோடு கிழித்து, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. கேஜ் பதினெட்டிலேயே நின்றது. கோடு மட்டும் இருபத்திரண்டுக்குப் போயிருந்தது.

டாக்டர் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க கொஞ்சம் வாயேன்."

வந்த மனைவி கேஜைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது சுவத்துக்கு ஒரு சாண் தள்ளித்தானே கெடந்துச்சு?"

இப்போது பலகையின் முனை சுவரை முட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. டாக்டர் பலகையில் கை வைத்தார். வீங்கிய ஈறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

வெடுக்கென்று கையை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் பலகையோடு மரக்கடை வாசலில் நின்றார். "என்னய்யா பலகை குடுத்தீங்க? வளருது!"

அறுப்புக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. பலகையை வாங்கிச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடிமுனையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்தார்.

"வெட்டித்தான் குடுத்தோம் சார். செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?"