வாயும் வயிறுமாக ஒரு மீன்

ஒரு மீனுக்காக மூன்று மாடிக் குடியிருப்பையே செருப்பைக் கழற்றி நடக்கவைத்த மனிதர், நான் அறிந்தவரை, பூமியில் ஒருவர்தான். பொத்தேரியில் எங்கள் தரைத்தளத்தில் இருந்தார். ஆபீஸ் வேன் ஓட்டுவார். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் உடைந்து கிடக்கும் கற்களை அள்ளிவந்து மீன் தொட்டிக்குள் அடுக்குவதால் அவர் பெயர் 'கல்லு அண்ணாத்த'. வேறு பெயரை யாரும் கேட்டதில்லை.

ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஆறடித் தொட்டி. உள்ளே ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள். பார்வைக்குப் பூச்சரம், குணத்துக்கு ஒயின்ஷாப் வாசல். பொந்துக்கு ஒரு ரவுடி. அத்தனை பேருக்கும் மேல் ஒரு நீல ஆண் மீன். அதற்கு 'தலைவரு' என்று பெயர்.

"பொட்ட மீனு முட்டைய வாய்ல வெச்சிகினுதான் சார் அடைகாக்கும். மூணு வாரம் பச்சத்தண்ணி பல்லுல படாது" என்பார் அண்ணாத்த. தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் பற்றித்தான் சொன்னார்.

அவர் உயிரையே வைத்திருந்த மஞ்சள் பெண் மீன் ஒன்று. அது ஒரு தடவைகூடக் குஞ்சு பொரிக்கவில்லை. சத்தம் கேட்டால் மிரண்டு முட்டைகளை விழுங்கிவிடும். போன முறை அவர் மனைவி செல்வியக்கா ஒரு தட்டைக் கீழே போட்டார், வம்சம் போயிற்று.

இந்த முறை அண்ணாத்த மாடிப்படியில் நின்று அறிவித்தார். "நம்ம வூட்ல ஒருத்தி வாயும் வயிறுமா கீறா. யாரும் சத்தம் போடாதீங்க." மறுநாள் மேல்வீட்டு அம்மா வளையலும் பூவுமாகச் செல்வியக்காவைப் பார்க்க வந்துவிட்டார். செல்வியக்கா பேரன் எடுத்தவர்.

"பசங்க பரீட்சைக்கு டிவிய நிறுத்துனாரா இந்த மனுசன்? மீனுக்கு மிக்ஸிய நிறுத்திட்டாரு" என்று அவர் பொரிந்தார். அதையும் கிசுகிசுவென்றுதான் பொரிந்தார்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம். செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறப் போன என்னை அண்ணாத்த உள்ளே இழுத்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"தலைவரு அவள சாவடிக்கறான் சார். வேற தொட்டிக்கு மாத்தணும். வலையப் புடி."

மஞ்சள் மீனின் வால் கிழிந்திருந்தது. கன்னம் உப்ப, வாயை இறுக மூடி, ஒரு பொந்துக்குள் ஒடுங்கியிருந்தது. வாசலில் தலைவரு.

"விரட்டினா துப்பிடுவா, இல்ல முழுங்கிடுவா. மொதல்ல கல்ல எடுக்கணும். கல்லு போனா அவனுக்கு ஏரியா இல்ல. ஏரியா இல்லாத ரவுடி வெறும் ஆளு."

தோள் வரை கையை விட்டார். ஒரு கல் வெளியே வந்தது. இன்னொன்று. நான் வலையைப் பொந்தின் பக்கம் இறக்கினேன். அப்போது கதவு திறந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"இன்னாய்யா, மோட்டார் தண்ணி பூரா..."

அண்ணாத்த தொட்டியிலிருந்து துதிக்கை உடைந்த கல் யானையொன்றைச் சொட்டச் சொட்டத் தூக்கி அவர் மார்போடு வைத்தார். "கொஞ்சம் புடி சார்." செயலாளர் வாங்கினார். அந்தக் கனத்தோடு மனிதனால் பேச முடியாது.

கடைசிக் கல்லில் கை பட்டதும் தலைவரு பாய்ந்து அண்ணாத்த விரலைக் கவ்வியது. தண்ணீரில் ஒரு சிவப்பு இழை. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண் பிதுங்க, கன்னம் உப்ப, வாயை இறுக மூடிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகமும் அப்படியேதான் இருந்தது. விரலை விடுவித்துக்கொள்ளாமலே கல்லைத் தூக்கினார். மஞ்சள் மீன் தானாக நழுவி என் வலைக்குள் வந்தது.

நாலைந்து நாளில் அவள் வாயைத் திறந்தாள். கடுகு சிதறியது போல் குஞ்சுகள். கண்ணாடியில் எங்கள் நிழல் பட்டதும் அத்தனையும் திரும்ப அவள் வாய்க்குள் ஓடின. பார்க்க வந்த குடியிருப்பே கைதட்ட மறந்து நின்றது. செயலாளர்தான் முதலில் பேசினார், ரகசியக் குரலில்: "எல்லாம் வந்துச்சா பாருய்யா."

அண்ணாத்த தொட்டியோடும் கல்லோடும் மாமல்லபுரம் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். தரைத்தள வீடு பூட்டியே கிடக்கிறது. அதைக் கடக்கும்போது இன்றும் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.