ஏழு மணிக்குப் படுத்துக்கொண்ட கார்டு

வட சென்னைக்காரன் கேரம் போர்டில் தோற்கலாம். ஆடாமலே தோற்கக் கூடாது. எனக்கு நேர்ந்தது இரண்டாவது கொடுமை.

என் பெயர் குணசேகரன். எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறேன். திருவொற்றியூரில் வாடகை வீடு. யசோதரா என்று ஒரு மனைவி. ஒன்றுக்கே மூச்சு வாங்குகிறது. பகல் முழுக்க லாரி டிரைவர்களோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், பழைய லேப்டாப்பில் கேரம் ஆடுவதுதான் எனக்கு ஒரே ஆறுதல். எதிரே ஆடுகிறவன் மாலத்தீவுக்காரன். முகம் தெரியாது. திமிர் மட்டும் தெரியும்.

கொஞ்ச நாளாக ஒரு பேஜாரு. மாலை ஏழு மணி ஆனால், துறைமுக கேட்டில் மாட்டிய ட்ரெய்லர் மாதிரி லேப்டாப்பில் நெட் நின்றுவிடும். அப்போதுதான் ரெட் காயைக் குறிபார்த்து ஸ்டிரைக்கரை இழுத்திருப்பேன். காயும் உறையும், நானும் உறைவேன். மறுநாள் திறந்தால், 'குணா ஆட்டத்தை விட்டு ஓடினார்' என்று போட்டிருக்கும். கீழே மாலத்தீவுக்காரன் அனுப்பிய சிரிப்புப் பொம்மை. பல் மொத்தமும் தெரியும்.

"யசோ, உன் போன்ல நெட்டு வருதா?"

"ஷோக்கா வருதே."

"என் லேப்டாப்புல மட்டும் இன்னாத்துக்கு வர்ல? ஞாயித்துக்கெழம பகல்ல நல்லாதான ஓடுது?"

"அதுக்கு வயசாயிடுச்சிய்யா. பகல்ல ஓடும், சாயங்காலம் படுத்துக்கும். உன்ன மாரி. சரி, சும்மாதான குந்தினுகீற? இந்த நெத்திலிய கொஞ்சம் ஆஞ்சி குடு."

ஆய்ந்து கொடுத்தேன். மறுநாள் பூண்டு உரித்தேன். அதற்கடுத்த நாள் துணி மடித்தேன். வயசானது லேப்டாப்புக்கு. தண்டனை எனக்கு.

பொறுத்துப் பார்த்தேன். பிறகு வீடியோக்களைப் பார்த்தேன். விஷயம் விளங்கியது. லேப்டாப்பின் வயிற்றுக்குள் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கார்டு இருக்கிறது. வைஃபையைப் பிடித்து இழுப்பது அதுதான். பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினால் போதும். வீட்டிலேயே செய்யலாம்.

"கார்ட நானே மாத்தப் போறேன்," என்று அறிவித்தேன்.

"நீயா? ரேஷன் கார்டுல உன் பேர்ல கீற தப்பு எழுத்த மாத்தவே வருசக்கணக்கா இன்னிக்கி நாளைக்கின்னுகினு கீற."

"அது வேற கார்டு. இது வேற கார்டு."

"ஆளு ஒண்ணுதானய்யா?"

என் ரோஷம் ரிச்சி தெரு வரைக்கும் போய் ஒரு புதுக் கார்டோடு திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆபரேஷன். உதவிக்கு எதிர்வீட்டு எபினேசர் வந்தார். தூத்துக்குடிக்காரர், எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கூடவே அவர் மனைவி ஜெனியும் வந்தாள். அவள் நேரே சமையலறைக்குப் போய் யசோதராவோடு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பெண்கள் எதற்கோ சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றியாயிற்று. மூடி அசையவில்லை.

"இடுக்குல ஏதாச்சும் தகடு மாதிரி குடுத்து நெம்பணும் சார்," என்றார் எபினேசர்.

"யசோ! உன் ஏடிஎம் கார்ட குடு!"

"இன்னாத்துக்கு? உன்து இல்ல?"

என்னுடையதையே கொடுத்து நெம்பினேன். 'டக்' என்றது. மூடி திறந்தது. கார்டு உடைந்தது. ஒரு கார்டை மாற்ற உட்கார்ந்தவன் இரண்டு கார்டு மாற்ற வேண்டியதாயிற்று.

பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய கார்டைக் கழற்றிப் புதிதைச் செருகினேன். அதுவரை சுலபம். அதன் தலையில் இரண்டு வயர்களை மாட்ட வேண்டும். தலைமுடி கனத்தில் வயர். அதன் முனையில் கடுகு மாதிரி ஒரு வளையம். அழுத்தினால் வழுக்கும். விட்டால் சுருண்டு ஓடும். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. யசோதரா வந்து டார்ச் அடித்தாள்.

"கை ஏன்யா இப்டி உதறுது?"

"நீ பேசாத கம்முனு அடி!"

"எத? டார்ச்சயா, உன்னயா?"

எபினேசர்தான் வழி சொன்னார். "கருப்பு வயரு ஒரு எடம், வெள்ள வயரு ஒரு எடம். கேரம் காயின்னு நெனச்சுக்கிடுங்க சார்."

நினைத்துக்கொண்டேன். இரண்டும் 'டிக், டிக்' என்று உட்கார்ந்தன. எல்லாவற்றையும் மூடிய பிறகு கையில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது.

"கம்பெனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டுட்டான் போல," என்றார் எபினேசர். நல்ல மனுஷன். அவரும் ஜெனியும் வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். ஏழு மணி வந்தது. நெட் நிற்கவில்லை. ஏழு மணி போனது. அப்போதும் நிற்கவில்லை!

"பாத்தியாமே! பாத்தியா! மெக்கானிக்கு யாரு? ஐயாதான்!"

யசோதரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு என் விரலில் தீ. ரெட்டைப் போட்டேன். அது கணக்கில் சேர அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் பாக்கெட் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. ஊதினாலே விழும். மாலத்தீவுக்காரன் முதல் முறையாக ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினான். நெஞ்சு நிமிர்ந்து ஸ்டிரைக்கரை இழுத்தேன்.

உறைந்துவிட்டது.

"யசோ! நெட்டு பூட்ச்சி!"

கையில் போனோடு வந்தாள். "கத்தாத. யாரோ பேர் தெரியாதவன் நம்ம வைஃபைல பூந்துகினு இருந்தான். புது ஆளுன்னு போன்ல காட்டிச்சி. புடிச்சி வெளிய தள்ளிட்டேன்."

"அய்யோ! அது நான்தான்மே! புது கார்டு!"

"நீயா? நீ எப்டி பூருவ? உன்னதான் ஏழு மணிக்கே..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லேப்டாப்பை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏழு மணிக்கே இன்னா?"

சொன்னாள். எங்கள் வைஃபை அவள் பெயரில் வாங்கியது. யாருக்கு எந்த நேரத்தில் நெட் என்று அவள் போனிலேயே பூட்டலாமாம், திறக்கலாமாம். என் லேப்டாப்புக்கு ஏழு மணிக்குப் பூட்டு. அந்தப் பூட்டுக்குப் பழைய கார்டைத்தான் தெரியும். புதுக் கார்டைத் தெரியவில்லை. அதனால் உள்ளே விட்டுவிட்டது. என் மெக்கானிக் மூளையின் மொத்த சாதனை அவ்வளவுதான்.

"அப்போ பழைய கார்டு கெட்டுப் போவலயா?"

"அது தங்கம்யா. வயித்த கீறி எடுத்துட்டியே, பாவம்."

"ஏன்மே இப்டி பண்ண?"

"வூட்டுக்கு வர்ற. அந்த மாலத்தீவுக்காரன்கூட குந்திக்கிற. என்கூட ஒரு வார்த்த பேசறியா? நெத்திலி ஆயறப்பதான் யார்டுல நடந்தத கதகதயா சொல்ற. நான் சிரிக்கிறேன். அது உனக்கு எங்க தெரியுது?"

சண்டை போட வாயைத் திறந்தேன். என் பக்கமும் நெட் நின்றுவிட்டது.

அப்போது கதவு தட்டும் சத்தம். எபினேசர். கக்கத்தில் அவருடைய லேப்டாப்.

"சார், படம் பாத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு நின்னுட்டு. இன்னைக்குத்தான் மொத தடவ. நீங்கதான் இப்ப எக்ஸ்பர்ட்டு. என்னன்னு பாருங்க."

அவருக்குப் பின்னால் ஜெனி நின்றாள். கையில் போன். மத்தியானச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கார்டுதானேண்ணே போயிருக்கு?" என்றாள் ஜெனி, தேன் ஒழுக.

நான் எபினேசரைப் பார்த்தேன். அவர் என்னைக் கடவுளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். யசோதரா என்னைப் பார்த்தாள். அது வேறு மாதிரி இருந்தது.

"கார்டுதான் சார்," என்றேன்.

நண்பனைக் காட்டிக் கொடுத்த கூலியாக, அன்றைக்கு எனக்கு அரை மணி நேரம் நெட் திறந்துவிடப்பட்டது.