மூன்று வீட்டில் பொங்கிய பால்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மைத்துனர் வேதகிரி அவர்களுக்குக் கனகராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் நலம். எழுதிய பிறகு யோசித்தால் என் நலம் எனக்கே சந்தேகமாக இருப்பதால், உங்கள் அக்கா வள்ளியம்மை நலம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும். விழுப்புரத்தில் தாங்கள் அனைவரும் சுகமாக இருக்க விரும்புகிறேன். நான் விரும்பி எதுவும் நடந்ததில்லை என்றாலும் விரும்புகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்காரம்மா செல்வகுமாரி போன மாதம் வந்து, "சார், வூட்ட வேற ஆளுக்கு வுடலாம்னு ஒரு யோசன. வுடாமயும் இருக்கலாம். எதுக்கும் வெளிய ஒண்ணு பாத்து வையுங்க" என்றார். டவுனில் வாடகை நமக்குக் கட்டாது. ஆகவே வில்லியனூர், பாகூர் பக்கம் பார்க்கத் தொடங்கினோம். நானோ பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். எதையும் சோதிக்காமல் நம்புவதில்லை. சோதித்த பிறகும் அவ்வளவாக நம்புவதில்லை. இந்த வீட்டுச் சமையலறையில் ஜன்னல் காற்றுக்கு அடுப்பு அடிக்கடி அணைந்துவிடும், அதற்கும் நான்தான் காரணம் என்பது உங்கள் அக்காவின் முடிவு. எனவே சின்ன கேஸ் அடுப்பு ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பார்க்கிற வீட்டிலெல்லாம் தண்ணீர் கொதிக்கவைத்து, சுடர் நிற்கிறதா என்று பார்ப்பதாகத் திட்டம். "காலி வூட்டுல யாராவது வெறுந்தண்ணிய கொதிக்க வைப்பாங்களா? பாலு வையுங்க" என்றாள் அவள். வைத்தேன். அங்கேதான் தவறு.

வில்லியனூர் வீடு ஜவுளிக்கடை ஹபீப் முகமதுவுடையது. சுடர் அருமையாக நின்றது. நான் குனிந்து சுடரையே கவனித்துக்கொண்டிருந்ததில் பாலைக் கவனிக்கவில்லை, அது பொங்கிவிட்டது. "பொங்கிடுச்சி வாத்தியாரே, இனிமே இது உங்க வூடு" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் மனைவி கதீஜா உள்ளேயிருந்து சர்க்கரை கொண்டுவந்தார். புது வீட்டில் பால் பொங்கினால் குடிவந்த மாதிரி என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மகிழ்ச்சியான முகங்களைப் பார்த்து, ஐயா இது வெறும் சோதனை என்று எப்படிச் சொல்வது? "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து உறுவையாறு. இனி தண்ணீரே போதும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு வீட்டில் பாலும் இன்னொரு வீட்டில் தண்ணீரும் வைத்தால் ஒப்பிடுவது எப்படி? ஆகவே அரை டம்ளர் பால், பெரிய பாத்திரம், பொங்க வழியே இல்லை என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா தையலம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இத்தினியூண்டு பாலு" என்று தன் மாட்டுப் பாலை ஒரு சொம்பு நிறைய ஊற்றிவிட்டார். கிழக்குப் பக்கமாகவே பொங்கியது. வெள்ளிக்கிழமை வேறு.

மணப்பட்டில் தப்பித்துவிடலாம் என்று நம்பினேன், ஏனென்றால் கடல் காற்றுக்கு அடுப்பு பற்றவே இல்லை. இந்த வீடு சரிப்படாது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், மைத்துனரே, உண்மையாகவே திறந்தேன். அதற்குள் வீட்டுக்காரம்மா கனகாம்பாள் தெருவிலிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு, "வாங்கடி, பெரியவரு காத்துல கஷ்டப்படறாரு" என்று முந்தானையை விரித்துச் சுற்றி நிற்கவைத்துவிட்டார். பொங்கும் வரை ஒருத்தியும் நகரவில்லை. குலவை வேறு போட்டார்கள்.

இப்போது மூன்று ஊரிலும் நான் குடியிருக்கிறேன். ஹபீப் முகமது வாசலில் என் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டார். உங்கள் அக்கா பேச்சுவாக்கில் நீலம் பிடிக்கும் என்று சொன்னதற்குத் தையலம்மாள் வீடு முழுக்க நீலம் அடித்துவிட்டார். கனகாம்பாள் பஸ்ஸில் வருகிறவர் கையிலெல்லாம் சங்கரா மீன் கொடுத்து அனுப்புகிறார். மூவரும் வேறு ஆளுக்கு வீட்டைக் காட்டுவதில்லையாம். என் வாயால் ஒருவரிடமும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, ராத்திரியில தூக்கமே வர்றதில்ல. உங்க அக்காகிட்ட நீ போய் சொல்லேன்னு கேட்டா, "மூணு வூட்லயும் பல்ல காட்டினவரு நீங்க. நீங்களே போங்க" என்கிறாள்.

ஆகவே ஒரு முடிவு செய்தேன். இந்த வீட்டை விட்டு நாங்கள் எங்கும் போவதில்லை. அடுப்பு அணைந்தால் அணையட்டும். கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசத்தை வேண்டாம் என்று சொல்லி, அது செல்லுபடியாகி நான் பார்த்த ஒரே மனிதர் தாங்கள். தயவுசெய்து வந்து மூன்று பேரிடமும் என் சார்பில் வேண்டாம் என்று சொல்லிவிடவும். நான் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன்.

வீட்டில் சிறியவர்களுக்கு என் ஆசிகள், பெரியவர்களுக்கு வணக்கங்கள். யார் எதில் சேர்த்தி என்று ஐயம் வந்தால் இரண்டையும் கொடுத்துவிடவும்.

தங்கள் அன்புள்ள,
கனகராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் செல்வகுமாரி ஒரு இளம் தம்பதியை வீடு பார்க்கக் கூட்டிவந்தார். அந்தப் பெண் அர்ச்சனா நேரே சமையலறைக்குப் போய், "அங்கிள், இங்க காத்துக்கு அடுப்பு அணையுமா?" என்று கேட்டாள். இதைக் கேட்கிற இன்னொரு மனிதரை நான் வாழ்நாளில் சந்தித்ததில்லை. சந்தோஷத்தில் நானே பாலை வைத்துப் பற்றவைத்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சுடர் அசையவே இல்லை. பால் பொங்கியதும் செல்வகுமாரி கை தட்டினார். அந்த இளம் தம்பதி இருவரும் என் காலில் விழுந்தார்கள், நானும் இந்த வூட்ல நல்லா இருங்கன்னு சொல்லிட்டேன். ஆகவே மூன்று பேரிடமும் எதுவும் சொல்லவேண்டாம். உங்கள் அக்கா சாமான் கட்டிக்கொண்டிருக்கிறாள். எந்த ஊருக்கு என்று தாங்கள் வந்துதான் கேட்டுச் சொல்லவேண்டும்.