பீச்சுக்காரர் கேட்ட பரிசம்

தமிழ்நாட்டிலேயே கடலை முழுசாக அனுபவித்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் ஜவ்வாது மலைக்காரர் ஒருவரைத்தான் சொல்வேன். மீனவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கடலுக்கு எதிரிலேயே வீடு கட்டிக்கொண்டு, உப்புக்காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி பார்ப்பவர்கள் இந்தப் போட்டிக்கே வர வேண்டாம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எழுபதுகளின் கடைசியில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் டீச்சராக இருந்தபோது, அந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மற்றவர்களைப் போல அவரும் சாமை விதைத்தார், புளி உலுக்கினார். ஆனால் ஊர் அவரைக் கூப்பிட்டது ‘பீச்சுக்காரர்’ என்று. வருஷா வருஷம் சித்திரையில், புளி விற்று முடித்த கையோடு, பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மகாபலிபுரத்துக்குக் கிளம்பிவிடுவார். வேண்டுதல் இல்லை, விசேஷம் இல்லை. சும்மா. குளிக்க, தின்ன, கடைவீதி சுற்ற.

இந்தச் ‘சும்மா’தான் ஊருக்குப் பொறுக்கவில்லை. கடலுக்குப் போவதற்கு அந்த ஊர் அறிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். மலைக்குக் கீழே சொந்தக்காரர் யாராவது செத்து, அந்தக் காரியத்துக்காகப் போவது. போய்விட்டு வந்தால் ஊர் எல்லை ஓடையில் முழுகி, துணியை அலசிக்கொண்டுதான் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். சாவு இல்லாமல் கடலுக்குப் போகிற வீடு சாவைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது ஊரின் கட்சி. பீச்சுக்காரர் முழுகவும் மாட்டார், அலசவும் மாட்டார். உடம்பெல்லாம் உப்புப் பூத்து, வேட்டி மடிப்பிலிருந்து மணல் உதிர, ஊர் நடுவே கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து வருவார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“செத்தாத்தான் கடலுக்குப் போவணும்னா, செத்தவன் இன்னாத்த பாக்கப் போறான்? கண்ணு இருக்கற நானு போய்ப் பாக்கறேன்.”

பங்குனி பிறந்ததும் அவர் வீட்டில் ஒத்திகை ஆரம்பித்துவிடும். மனைவி முனியம்மா, மகள் பூங்காவனம், மூன்று பையன்கள், எல்லாரும் வாசலில் கைகோத்து வரிசையாக நிற்க வேண்டும். இவர் எதிரே நின்று “அலை வருது” என்று கத்துவார். எல்லாரும் குதிக்க வேண்டும். “பெரிய அலை” என்றால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு குதிக்க வேண்டும். கோழிகள் கூரைமேல் ஏறிவிடும். முனியம்மா மட்டும், அடுப்பில் களி இருக்கிறது, இந்த அலையை நான் அப்புறம் குதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எனக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டு. பள்ளிக்கூடம் லீவு விடுவதும் அவர் கிளம்புவதும் ஒரே சமயம் என்பதால், முதல் வருஷமே அவர் குடும்பத்தோடு ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். மலை இறங்கும் முதல் வளைவு வந்ததும் மடியிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது அதே வளைவில்தான் கழற்றுவாராம். நடுவில் தூங்கினாலும் கண்ணாடியோடுதான். செங்கல்பட்டில் இறங்கப் போன என்னை அவர் விடவில்லை. கடலுக்கு இவ்வளவு கிட்டே வந்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்பது படித்தவள் பேசுகிற பேச்சா என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். மானம் போகிறதே என்று கூடவே போனேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மானம் போகாமலேயே போனேன் என்பது வேறு விஷயம்.

மகாபலிபுரத்தில் அவர் ஓட்டலுக்குள் கால் வைக்க மாட்டார். அவருடைய சாப்பாட்டு இடம் மீனவர் குப்பத்தில் அஞ்சலை என்ற மீன்காரம்மாவின் குடிசை வாசல். அந்த உறவு ஏற்பட்ட கதையை இருவருமே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் முதலாக வந்தபோது பீச்சுக்காரர் சோற்று மூட்டையை ஈர மணலில் இறக்கினார். மலை ஓடையில் அதுதான் முறை. ஈர மணல் என்றால் தண்ணீர் வடிந்துபோன இடம், சுத்தமான இடம். வடிந்த தண்ணீர் திரும்பி மேலே ஏறியதாக அந்த மலையில் சரித்திரமே கிடையாது. ஆகவே கரையில் இருந்தவர்கள் கையைக் கையை ஆட்டிக் கத்தியதை, ஏதோ புது ஊர்க்காரர்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து இவரும் கும்பிட்டார். அடுத்த அலை கேழ்வரகுக் களிச்சட்டியை அப்படியே வாரிக்கொண்டு போனது. குழம்பு போனது, தட்டு போனது. களி உருண்டைகள் மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போனதாக அஞ்சலை சொல்வாள். மூழ்கித்தான் போயின என்று பீச்சுக்காரர் சாதிப்பார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் கடலைப் பார்த்து, எங்கள் ஊரில் சோற்றைத் தொடுகிறவன் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவான் என்று திட்டியிருக்கிறார். அஞ்சலைக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிரித்த பாவத்துக்கு அத்தனை பேருக்கும் சோறு போட்டாள்.

மறு வருஷத்திலிருந்து அவர் ஒரு மூட்டை புளியோடும் ஒரு சீசா மலைத்தேனோடும் வந்து இறங்கினார். அஞ்சலை மீனைக் கழுவுவாள், முனியம்மா புளியைக் கரைப்பாள், எவ்வளவு கரைப்பது என்பதில் இருவருக்கும் சண்டை மூளும். இந்தப் புளிக்கு இவ்வளவு ஊற்றினால் பல் கூசும் என்பாள் அஞ்சலை. பல் கூசினால்தான் குழம்பு என்பாள் முனியம்மா. நான் அதற்கப்புறம் எத்தனையோ ஊரில் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். எல்லாம் சண்டை போடாமல் வைத்த குழம்பு, அதனால் ருசியில்லை.

சாப்பிட்டதும் கடைவீதி. சிப்பியில் சட்டம் போட்ட கண்ணாடி, பாசிமணி, மாட்டுக் கழுத்துக்குச் சோழி மாலை எல்லாம் வாங்குவார். கடைக்காரர் விலை சொன்னால் கறுப்புக் கண்ணாடியை இறக்கி அவரை ஒரு பார்வை பார்ப்பார். பாதிக் கடைக்காரர்கள் தானாகக் குறைத்துவிடுவார்கள். ஒரு வருஷம் பழைய மீன்வலை ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு மலையேறினார். வலை வாங்கியவன் எந்த ஓடையில் திமிங்கலம் பிடிக்கப் போகிறான் என்று ஊரே சிரித்தது. அவர் அதைக் களத்தில் காயவைத்த சாமைமேல் விரித்தார். குருவி ஒரு மணி தொடவில்லை. சிரித்தவர்களே அடுத்த சித்திரையில் ஆளுக்கொரு வலை வாங்கி வரச் சொன்னார்கள். ரகசியமாக.

வலை வேண்டும், கடல் வேண்டாம். ஊரின் நியாயம் அப்படித்தான் இருந்தது. ஒரு வருஷம் மழை பொய்த்தபோது நாட்டார் முன்னால் அவரை நிறுத்தினார்கள். நாட்டார் என்றால் அங்கே ஊர்த்தலைவர். பீச்சுக்காரர் அசரவில்லை. மழையே கடலிலிருந்துதான் வருகிறது, டீச்சரம்மா பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்று என்னை இழுத்துவிட்டார். நாட்டார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் ஆமாங்க என்றேன். அவர் என் பக்கமே திரும்பி, “அப்ப இந்த வாட்டி போனவன் ஏன் கூட்டியாரல?” என்று கேட்டார். இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது, சொல்லுங்கள்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாதது பூங்காவனத்தின் கல்யாணத்தில் வந்தது.

மாசியில் பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். வைகாசியில் கல்யாணம். சித்திரையில் நாங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா நாலு பேரோடு வந்து சேர்ந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கத்தாமல், நிதானமாகத்தான் பேசினார். கடலுக்குப் போகிற வீட்டில் அவர் பெண்ணெடுக்க மாட்டார். இன்றைக்கு இறங்கினால் கல்யாணம் உண்டு. கோயிலுக்கு வந்து, இனிமேல் போவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். போனால் பேச்சு முறிந்தது.

பீச்சுக்காரர் வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தோம். அவரோ இறங்கி, பின்னால் ஏணியில் ஏறி, மேலே கட்டியிருந்த புளி மூட்டையை அவிழ்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எந்த நாட்டாருக்கும் வளையாத மனுஷன், மகள் வாழ்வு என்றதும் வாயை மூடிக்கொண்டு மூட்டை இறக்குகிறார். வேறு என்ன செய்வார்?

முனியம்மாவும் பையன்களும் எழுந்துவிட்டார்கள். பூங்காவனம் எழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இருந்தாள். கீழேயிருந்து அவர் கூப்பிட்டார்.

“எறங்கி வாம்மா. வூட்டுக்குப் போலாம்.”

அவள் ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெரியவரைப் பார்த்தே சொன்னாள்.

“நீ வேணா எறங்கிக்கோ நைனா. நானு டிக்கெட்டு வாங்கிட்டேன். இவங்க வூட்டுக்குப் போனா காலத்துக்கும் கேட்டுக் கேட்டுத்தான் மூச்சு வுடணும். எனக்கு வாணாம்.”

நின்றிருந்த முனியம்மா மகளுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, பையன்களையும் உட்காரச் சொன்னாள். கண்டக்டருக்கு இதில் என்ன அக்கறை? விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. பின் கண்ணாடியில் பார்த்தால், பீச்சுக்காரர் தோளில் புளி மூட்டையோடு சம்பந்தியாகப் போகிறவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் ஓடி வந்தார். அந்த வயசில், அந்த மூட்டையோடு, வேட்டி தடுக்கத் தடுக்க அவர் ஓடிய ஓட்டத்தை எந்தப் பந்தயத்திலும் நான் பார்த்ததில்லை. பஸ்ஸே சேர்ந்து கத்தி வண்டியை நிறுத்தியது. ஏறி உட்கார்ந்தவர் முதல் வளைவு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கல்யாணம் நின்றது. ஊர் கொண்டாடியது. பார்த்தாயா, கடல் வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். பூங்காவனம் காதில் போட்டுக்கொள்ளாமல் களத்தில் வலை விரித்தாள்.

மறு வருஷம் கீழே ஒடுகத்தூரிலிருந்து கேட்டு வந்தார்கள். பையன் சைக்கிள் கடை வைத்திருந்தான். அந்த மலையில் பரிசம் கொடுப்பது மாப்பிள்ளை வீட்டார். தானியம், புடவை, பணம் என்று பெண் வீட்டார் சபையில் வாய்விட்டுக் கேட்பார்கள். நானும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன வேண்டும் என்று நாட்டார் கேட்டார். பீச்சுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“தானியம் எங்கிட்டயே கீது. புடவை உங்க இஷ்டம். வருசத்துக்கு ஒரு வாட்டி எம்பொண்ண கடலுக்குக் கூட்டிம்போவணும். நானு கூட்டிம்போறதில்ல. அவ உங்க வூட்டு மனுசியா, நீங்க கூட்டிம்போவணும். காரியத்துக்கு இல்ல. அவ சந்தோசத்துக்கு.”

இப்படி ஒரு பரிசம் வழக்கத்தில் கிடையாது என்றார் நாட்டார். கேட்பது பெண் வீட்டுப் பாத்தியம், கேட்டுவிட்டேன், முடியாதென்றால் பெண்ணும் கிடையாது என்றார் இவர். போன வருஷம் ஒரு சம்பந்தம் முறிந்த வீடு. இந்த வருஷமும் முறிந்தால் அந்தப் பெண்ணை யாரும் கேட்டு வர மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். முனியம்மா என் கையை அழுத்திய அழுத்தில் வளையல் பதிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையே தொண்டையைக் கனைத்தான்.

“அங்க மீனு நல்லா இருக்குங்களா?”

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பூங்காவனம் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, நன்றாக இருக்கும், ஆனால் புளி நம்முடையதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள். கல்யாணப் பெண் சபையில் பேசிவிட்டாளே என்று நாட்டார் வாயைத் திறப்பதற்குள் வெற்றிலை மாறிவிட்டது.

எனக்கும் அதற்கு அடுத்த வருஷம் கல்யாணம் பேசினார்கள். எங்கள் வீட்டில் நகையைப் பேசினார்கள், பாத்திரம் பேசினார்கள், என் சம்பளத்தைக்கூடப் பேசினார்கள். எனக்கு எதில் சந்தோஷம் என்று ஒருவரும் பேசவில்லை. செங்கல்பட்டுக் கூடத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துகொண்டு, அந்த மனுஷன் ஒரு தடவை எழுந்து எனக்காகவும் கேட்க மாட்டாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.