ஜெபக் குறிப்பு அண்ணன்

எந்தச் சபைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பாஸ்டர் இல்லாத சபை உண்டு, சுருதி சேர்ந்து பாட ஆள் இல்லாத சபை உண்டு, கூரை ஒழுகாத சபைகூட எங்காவது ஒன்றிரண்டு உண்டு. இவர் இல்லாத சபையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆராதனை முடிந்து, வாசலில் குனிந்து நீங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார், உங்கள் முழங்கையை இரண்டு விரலால் பிடிப்பார், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், "எப்படி இருக்கீங்க பிரதர்?" என்பார். வாய் தவறி, "கொஞ்சம் கால் வலிண்ணே" என்று சொல்லித் தொலைத்தீர்களோ, மாட்டினீர்கள். கண் மூடும். உதடு பிதுங்கும். அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பும். கடைசியில் அந்த வாக்கியம் வரும்: "ஜெபத்துல வச்சுக்கிறேன்."

எங்கள் வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரிக்கு 'ஜெபக் குறிப்பு அண்ணன்' என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுப்பதில்லை. அண்ணன் ஒரு பெரிய இரும்புச் சாமான் கிடங்கில் முப்பத்தோரு வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆணி எத்தனை பெட்டி, கீல் எத்தனை பெட்டி என்று எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? நீளமான நோட்டு ஒன்று வாங்கி, சிவப்பு மையில் கட்டம் போட்டு, வரிசை எண், தேதி, பெயர், பாரம், ஜெபித்த நாட்கள், பதில் என்று தலைப்பு எழுதிவிட்டார். இதில் பாரம் என்பது உங்கள் கஷ்டம். பதில் என்பது மேலே இருந்து வரவேண்டியது. நடுவில் இருக்கிற அத்தனை கட்டமும் அண்ணனுக்குச் சொந்தம்.

பாரத்தைச் சும்மா எழுதிக்கொண்டு போய்விடமாட்டார். விசாரணை உண்டு. "எந்தக் கால் பிரதர், வலதா இடதா? படி ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போதா? மூட்டுக்கு மேலயா, கீழயா? ஆண்டவர்கிட்ட தெளிவாச் சொல்லணும், பாருங்க." எல்லாம் தெரிந்தவருக்கு எந்தக் கால் என்று மட்டும் தெரியாதா என்று ஒருமுறை கேட்டேன். அன்று மாலையே வரிசை எண் முந்நூற்றெட்டாக நான் நோட்டில் ஏறிவிட்டேன். பாரம்: 'துடுக்கு'.

ஆள் வேஷக்காரர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வேஷக்காரராக இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் உண்மையாகவே விடிவதற்கு முன் எழுந்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஜெபிக்கிறார். உங்கள் மூட்டுக்காக அழுகிறார். உங்கள் மாமியாருக்காக உங்களைவிட அதிகமாக உருகுகிறார். உருகி எழுந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு உட்காரும்போது அவருக்குக் கிடைக்கிற நிறைவு இருக்கிறதே, அதுதான் விவகாரம். உங்கள் கஷ்டம் தீர்ந்தமாதிரியே அவருக்கு இருக்கும்.

போதாக்குறைக்கு அந்த வருடம் அண்ணன் வீட்டு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் 'அன்றாட வாழ்வில் தேவ சுபாவத்தை வளர்ப்பது எப்படி?' என்று பதின்மூன்று பாடம் வேறு தொடங்கினார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் புத்தகம். நாங்கள் எட்டுப் பேர். அண்ணன் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பொறுமை எப்படிண்ணே போகுது?" என்று கேட்டால், "பொறுமை முக்கால்வாசி வந்துடுச்சு. தாழ்மையைப் போன மாசமே முடிச்சுட்டேன்" என்பார். முடித்ததற்கு பாஸ்டர் அவருக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார். கூட்டத்துக்கு வரும் எல்லோருக்கும் அந்தப் பேனாவைக் காட்டினார்.

இப்படி ஒரு வெள்ளிக்கிழமையில்தான் தையல்கார அக்கா பேசினார். அவருக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு தையல் மெஷின் உண்டு. அது ஓடினால் இவர் வீட்டில் உலை கொதிக்கும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வலது கண் முழுக்கப் பனி மூடினமாதிரி ஆகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டிய நிலை. பாஸ்டரின் கறுப்பு அங்கிக்குக் கருநீல நூலில் ஓரம் அடித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு ஜெபக் குறிப்பு" என்று தொடங்கினார். "வர்ற வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆப்பரேஷன். கூட ஒரு ஆள் வந்து இருக்கணுமாம், இல்லாட்டி செய்யமாட்டோம்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இந்தத் தேதிய விட்டா ரெண்டு மாசம் ஆகுமாம். ஒரு ஆள் கிடைக்கணும்னு ஜெபிச்சுக்கோங்க."

இங்கே எங்கள் சபை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களில் யாரும் யாரிடமும் நேராக உதவி கேட்பதில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு. அதனால் உதவியை ஜெபக் குறிப்பாகச் சுற்றி, நடுவில் வைப்போம். மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நாங்களோ பல வருடப் பழக்கத்தில், குறிப்பு என்றால் உடனே கண்ணை மூடிவிடுகிற ஜாதி. மூடினால் என்ன தெரியும்?

"எத்தனை மணிக்கு சிஸ்டர்?" என்று கேட்டார் அண்ணன்.

அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஒன்பது மணிக்குண்ணே."

"ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் நான் முழங்கால்ல இருப்பேன்" என்றார் அண்ணன். எண் நானூற்றுப் பன்னிரண்டு.

பிறகு ஜெபித்தோம் பாருங்கள், அப்படி ஒரு ஜெபம். நாற்பது நிமிடம். "ஒரு ஆளை எழும்பப்பண்ணும் ஆண்டவரே" என்று எங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கெஞ்சினார். "வேலைவெட்டி இல்லாத ஒரு ஆளா அனுப்பும்" என்று அண்ணன் மன்றாடினார். "கார் இருக்கிற ஆளா இருந்தா இன்னும் உபகாரமா இருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய கார், வாரம் ஒருமுறை துடைக்கப்பட்டு, சாம்பல் நிற உறைக்குள் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. நானும் ஆமென் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

வியாழக்கிழமை வந்தது. அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்பது அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போதே அறைக்கதவைச் சாத்தி, இடையூறு வரக்கூடாது என்று போனை அணைத்துவிட்டு, முழங்காலில் விழுந்தார். ஒன்பதே காலுக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து அக்கா அவருக்குப் போன் செய்தார். பத்து மணிக்கு மறுபடியும் செய்தார். பதினோரு மணிக்கு நர்ஸ் வந்து, "யாரும் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பட்டியலில் அவர் பெயரை அடித்தார். அக்கா பஸ் ஏறி வீடு திரும்பினார்.

மறுநாள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமில்லை. நான் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "தேவன் தடுத்திருக்கார் சிஸ்டர். அன்னிக்கு அந்த டாக்டரோட கை நடுங்கியிருக்கும். யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு மாசம்ணே" என்றார் அக்கா.

"ரெண்டு மாசம் ஜெபிக்க நேரம் கிடைச்சிருக்கு" என்றார் அண்ணன்.

அந்த இரண்டு மாதத்தில் அக்காவிடமிருந்து பள்ளிச் சீருடை வேலை கை மாறிப்போனது. பொத்தான் துளை கோணலாகிறது என்றார்களாம். ரவிக்கை வேலையை அவரே நிறுத்திக்கொண்டார். தலையணை உறை, ஜன்னல் திரை என்று நேர்கோட்டில் ஓட்டுகிற வேலை மட்டும் மிச்சம். வாரா வாரம் அண்ணன், "கண் எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டு, 'ஜெபித்த நாட்கள்' கட்டத்தில் எண்ணை ஏற்றிக்கொண்டே போனார்.

பதினோராம் பாடம் இரக்கம். கோடிட்ட இடங்களை அண்ணன் ஒன்று விடாமல் சரியாக நிரப்பியிருந்தார். முடித்துவிட்டு நோட்டைப் புரட்டி, "குறிப்பு இருக்கா சிஸ்டர்? அடுத்த வியாழன்தானே தேதி?" என்று அக்காவைப் பார்த்தார்.

"குறிப்பு இல்லண்ணே. ஒரு கேள்வி இருக்கு."

"கேளுங்க."

"வியாழக்கிழமை காலையில உங்களுக்கு என்ன வேலை?"

அண்ணன் நோட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பொறுமை முக்கால்வாசியும் தாழ்மை முழுசும் வந்துவிட்ட மனிதருக்கு வாய் மட்டும் வரவில்லை.

"வேலைன்னு ஒண்ணும் இல்ல…"

"அப்ப என் கூட வாங்கண்ணே. சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும். ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

அண்ணன் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். பெருமூச்சு விட்டார். "அதைப் பத்தி ஜெபிச்சுட்டுச் சொல்றேன் சிஸ்டர்."

அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அந்த மங்கிப்போன கண்ணோடு அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினார். அடுத்த ஆள் நான். அச்சகத்தில் பிழை திருத்துகிற எனக்கு வேலை மதியம் இரண்டு மணிக்குத்தான். அது அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அடுத்தவன் பிழையைக் கண்டுபிடித்தே வயிறு வளர்க்கிற என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அண்ணன் சொன்னமாதிரிதான்க்கா, நானும்…"

அதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. அண்ணனின் மனைவி, எங்களுக்கு அண்ணி, டீத் தட்டோடு வந்தார். கூட்டம் நடக்கும்போது அண்ணி உள்ளே வருவதில்லை. குறிப்பெல்லாம் ரகசியம் என்று அண்ணன் வீட்டில் மூச்சு விடுவதுமில்லை. அண்ணியும் அந்த நோட்டில் இருக்கிறார். முதல் எண்ணே அவர்தான். 'மனைவி: ஜெப வாழ்வு குன்றியிருத்தல்.' பதில் கட்டம் காலி.

"என்ன, எல்லாரும் திருடனைத் தேள் கொட்டினமாதிரி இருக்கீங்க?" என்றார் அண்ணி.

அக்கா விஷயத்தைச் சொன்னார். போன தடவை நடந்ததையும் சேர்த்துச் சொன்னார். அண்ணி தட்டைக் கீழே வைத்தார்.

"எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?"

"ஒன்பதுக்கு அண்ணி."

"எட்டு மணிக்கு உன் வீட்டு வாசல்ல இருப்பேன். காலையில சாப்பிடலாமா கூடாதான்னு மட்டும் கேட்டு வச்சுக்கோ." பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "காரை எடுத்து வைங்க. நீங்கதான் ஓட்டணும்."

"கார் எதுக்கும்மா?" என்றார் அண்ணன்.

"பின்ன, ஆஸ்பத்திரிக்கு முழங்கால்லயா போறது?"

போனார்கள். ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. அண்ணிதான் கையெழுத்துப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்து, நான்கு நாள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டார். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட்ட கண்களுக்கு நடுவே நோட்டோடு உலாவி, புதிதாகப் பதினான்கு குறிப்பு சேகரித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவர்தான் முதலில் எழுந்தார். எண் நானூற்றுப் பன்னிரண்டு, அறுபத்தாறு நாள் போராட்டம், ஆண்டவர் ஆள் அனுப்பிய அதிசயம் என்று இருபது நிமிடம் பேசினார். சபை கைதட்டியது. அனுப்பப்பட்ட ஆள் கடைசி வரிசையில், முந்தின நாள் தூக்கம் கெட்டதால், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அதைக் கவனித்து வருத்தப்பட்டார்.

நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். 'எங்களுக்குச் சபையும் கிடையாது, முழங்காலும் கிடையாது, தப்பித்தோம்' என்று காலை நீட்டி உட்காராதீர்கள். நோயாளியின் கட்டில் ஓரத்தில் நின்று, பார்வையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு, "என்ன உதவி வேணும்னாலும் தயங்காமக் கேளுங்க" என்று சொன்னது யார்? கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே சொன்னீர்கள்? யாரோ தன் அப்பா செத்த செய்தியை அனுப்ப, போனில் கைகூப்பும் பொம்மையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வேடிக்கைக்குத் தாவிய கட்டைவிரல் யாருடையது? பேர் சொல்லமாட்டேன். உங்களுக்கே தெரியும்.

தையல்கார அக்காவின் இடது கண்ணுக்கு நேற்றுத் தேதி. அண்ணிக்கு மூன்று நாளாகக் கடும் காய்ச்சல் என்று முந்தின நாளே எனக்குச் செய்தி வந்துவிட்டது. அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு யார் போனார்கள் என்று தெரியவில்லை. யாராவது போயிருப்பார்கள். நேற்றுக் காலை முழுக்க நான் கதவைச் சாத்திவிட்டு, போனை அணைத்து வைத்து, இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். உருக்கமாகத்தான் வந்திருக்கிறது, இல்லையா? அந்த ஆஸ்பத்திரி பெஞ்சு வந்த இடத்தில் உங்களுக்கும் தொண்டை அடைத்திருக்கும். நம் இரண்டு பேராலும் முடிந்தது அவ்வளவுதான்.