டெலேனி யார் வீட்டில் இருக்கிறாள்?

அன்புள்ள அக்கா லொரெய்னுக்கு,

தம்பி டாரல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பிள்ளைகள் டெலேனியும் கோல்பியும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மட்டும் இதுவரை யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. அங்கே உன் உடம்பும் அத்தானின் முழங்காலும் தேவலை என்று நம்புகிறேன். போனிலேயே கேட்டிருப்பேன், நீ பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

நீ அன்று கத்திய கத்தலில் நான் சொன்னது எதுவும் உன் காதில் விழுந்திருக்காது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போன வருஷம் வரிச் சலுகைக்காக என்னைச் சார்ந்தவர்கள் என்று நான் காட்டிய இரண்டு பிள்ளைகளும் வருஷத்தில் பாதிக்கு மேல் என் வீட்டில்தான் இருந்தார்கள் என்று காகிதத்தில் காட்ட வேண்டுமாம். பள்ளிக்கூடம், டாக்டர், வீட்டுக்காரர், பாதிரியார், யார் எழுதிக் கொடுத்தாலும் சரியாம். அதோடு டெலேனியை மட்டும் வேறொருவர் வரிப் படிவத்திலும் காட்டியிருக்கிறார்களாம். யார் என்று சொல்ல மாட்டார்களாம், ரகசியமாம். இதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது? டெனிஸ்தான். என்னை விட்டுப் போய் நாலு வருஷமாகச் சும்மா இருந்தவள் இப்போது ஆரம்பித்திருக்கிறாள். அதிலும் பார், கோல்பியை விட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற வயசில் இருப்பவளை மட்டும் எடுத்திருக்கிறாள். அவள் போனில் நான்கு நிமிடத்துக்குக் குரல் செய்தி விட்டேன். ஐந்தாவது நிமிடத்துக்கு அந்த மிஷின் இடம் கொடுக்கவில்லை.

சரி, நம்மிடம் இல்லாத காகிதமா என்று டயர் கடைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் சிரித்த முகமாக ஒரே நிமிஷத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகள் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தது. முகவரி உன் வீடு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் சரியில்லை என்று நீதானே யோசனை சொன்னாய், பிள்ளைகள் உன் வீட்டில்தான் வசிக்கிறார்கள் என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாய். நாலு வருஷமாக நானும் காலை ஆறரைக்கு உன் வாசலில் இறக்கிவிடுகிறேன், அவர்களும் உன் வீட்டிலிருந்து வருகிற மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டே பள்ளி பஸ் ஏறுகிறார்கள். அந்த அம்மாளிடம், "இந்த முகவரியைக் கொஞ்சம் மாத்தித் தர முடியுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"மாத்திடலாமே சார். எப்போ வீடு மாறினீங்க? எங்க பள்ளி எல்லை தாண்டிட்டா பிள்ளைங்க இங்க படிக்க முடியாது, அது தெரியும்ல?" என்றாள், பேனாவை எடுத்துக்கொண்டே.

"மாறலம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கார் சாவியை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்ததால் மறுபடியும் உள்ளே போக வேண்டியிருந்தது. அவள் மறுபடியும் சிரித்தாள்.

டாக்டரிடம் போனால், பிள்ளைகளின் மருத்துவக் காப்பீடு டெனிஸின் வேலை வழியாக வருவதால் அங்கே முகவரி அவளுடையது. பல் டாக்டரிடமும் அதே. வீட்டுக்காரர் ஷிமான்ஸ்கியிடம் போனேன். அவர் வாடகைப் பத்திரத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "'வசிப்பவர் ஒருவர்'னு போட்டிருக்கு, கீழே உன் கையெழுத்து இருக்கு, பிள்ளைங்க எங்கேருந்துய்யா வந்தாங்க?" என்றார். அவர் தலைக்கு மேலே என் வீட்டில் கோல்பி டிரம்பெட் பழகிக்கொண்டிருந்தான்.

"இதோ ஊதுறானே, இவன்தான் சார் என் பையன்" என்றேன்.

"நீதான் ஊதுறேன்னு சொன்னே. போன வருஷம் இதே இடத்துல நின்னு சொன்னே. உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் ஊதச் சொன்னாருன்னே."

"அது சும்மா சொன்னது சார்."

"மாடிப்படில ஸ்கூட்டர் விட்டது?"

"அதுவும் அவன்தான்."

"அதையும் நீதான்னு ஒத்துக்கிட்டியேய்யா! நாப்பத்தஞ்சு வயசுல இவனுக்கு ஏன் இந்தப் புத்தின்னு என் பொண்டாட்டிகிட்ட எவ்வளவு வருத்தப்பட்டேன் தெரியுமா?" என்றார். எழுதித் தர மாட்டாராம். பத்திரத்தில் இல்லாத பிள்ளைகளை அவர் பார்த்ததே இல்லையாம். ஆனால் அன்றிலிருந்து மாடிப்படியில் என்னைப் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுகிறார்.

மிச்சம் இருந்தது, நீ பிள்ளைகளைக் கூட்டிப்போகிற கோயிலின் பாதிரியார் ரிட்டர். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் பாடிவிட்டுக் கடைசியில் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கோயிலுக்குப் புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். பெயரைச் சொன்னதும், "ஓ, டெலேனி, கோல்பி! தங்கமான பிள்ளைங்க. லொரெய்ன் அம்மா எவ்வளவு நல்லா வளர்த்திருக்காங்க! நீங்க அவங்களுக்கு மாமாவா?" என்று கேட்டார். அக்கா, ஒரு கப் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா, உன்னைத் தவிர எனக்கு வேறு கதியில்லை. இந்தப் பிள்ளைகள் உன் வீட்டில் இல்லை, தம்பி வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடு. "ஒரே வாயால ரெண்டு சத்தியமாடா? அதுவும் அதே நோட்டரி முன்னாடியா? அந்தப் பொம்பளை என்னை வாரா வாரம் கடையில பார்க்கிறாடா!" என்று நீ கத்தியது நியாயம்தான். வேறு ஊர் நோட்டரியிடம் நானே கூட்டிப்போகிறேன், வழியில் சாப்பாடும் வாங்கித் தருகிறேன். பணம் போனால் போகட்டும் அக்கா, டயர் மாற்றிச் சம்பாதித்துக்கொள்வேன். ஆனால் பிள்ளை என்னோடு இல்லை என்று அரசாங்கமே எழுதிவிட்டால், அந்தக் காகிதத்தை டெனிஸ் நாளைக்குக் கோர்ட்டில் நீட்ட மாட்டாள் என்று என்ன நிச்சயம்? அப்புறம் நான் யாருக்கு மதியச் சாப்பாடு கட்டுவேன்? வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். தயவு செய்து டெனிஸிடம் எதுவும் பேசிவிடாதே. அவள் சூழ்ச்சிக்காரி.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்கு நீ கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவோம், மூன்று பேர். கடவுள் உனக்கு நல்ல மனசையும் நல்ல பேனாவையும் தரட்டும்.

உன் தம்பி,
டாரல்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் டெலேனி இதை எடுத்துப் படித்துவிட்டாள். படித்து முடித்து, "அப்பா, அந்த இன்னொரு ஆள் அம்மா இல்ல. நான்தான்" என்றாள்.

போன வருஷக் கோடையில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தாள் அல்லவா? அவள் சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பக் கேட்டு அவளே படிவம் அனுப்பியிருக்கிறாள். 'வேறு யாராவது உன்னைத் தன்னைச் சார்ந்தவள் என்று காட்ட முடியுமா' என்ற கேள்விக்கு, முடியாது என்று டிக் அடித்திருக்கிறாள். எனக்கு ஆத்திரத்தைவிட அழுகைதான் வந்தது. "ஏன்டி, நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, அப்படி ஏன்டி போட்டே?" என்று கேட்டேன்.

"நான் என்னப்பா பண்ண? ஸ்கூல்ல கேட்டா அத்தை வீடுன்னு சொல்லணும். டாக்டர் கேட்டா அம்மா வீடுன்னு சொல்லணும். வீட்டுக்காரர் வந்தா கதவுக்குப் பின்னாடி நிக்கணும். அப்புறம் நான் யாரோட பொண்ணுன்னு போடறது? எனக்கு நானேன்னு போட்டுட்டேன்" என்றாள்.

படிவத்தைத் திருத்தி அனுப்ப வேண்டுமாம், அவளே உட்கார்ந்து செய்கிறாள். டெனிஸுக்கு இன்னொரு குரல் செய்தி விட்டேன். அவளைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் நீ படிக்காததாக நினைத்துக்கொள். நோட்டரியிடமும் போக வேண்டாம்; கோல்பிக்குக் காகிதம் இல்லாமல் அவன் பங்குப் பணம் போனால் போகட்டும். டெலேனியின் பழைய படிவத்தை வாங்கிப் பார்த்தேன். முகவரி என்ற இடத்தில் என் தெரு, என் கதவு எண், மாடி என்றுகூட எழுதியிருக்கிறாள். அப்படி எழுது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை அக்கா. அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்கிற, இந்த ஊரில் உள்ள ஒரே காகிதம் அதுதான். அதன் நகலைத்தான் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.