நாற்பது இழுப்பு, முன்னால் மட்டும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் சவரக்கத்தி ஐந்து வாரமாக மழுங்கிக் கிடக்கிறது. நீங்கள் இங்கே வந்து தங்கிவிட்டுப் போயும் ஐந்து வாரம் ஆகிறது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவன் நான். தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெழுகைத் தட்டைத் திருப்பாமலே கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்டவனுக்குச் சொந்தக் கத்தியில் நடக்கும் தில்லுமுல்லு தெரியாதா? எனக்கு யாரும் சவரம் கற்றுத்தரவில்லை. கத்தியைத் தோல்வாரில் இழுத்துத் தீட்டுவதையும் நானேதான் கற்றேன். முதல் மாதம் கத்தியை வாய்ப்பக்கமாகத் தள்ளி வாரை இரண்டு துண்டாக்கினேன், அதன் பிறகு தவறியதில்லை. ஞாயிறும் புதனும் சவரம். சவரத்துக்கு முன்னால் நாற்பது இழுப்பு. போனால் ஒன்று, வந்தால் ஒன்று. கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். மனிதர்களும் இப்படி இருந்தால் பாதி வீடுகளில் சண்டை இராது. சவரம் முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் உறங்க விட வேண்டும். அதற்கு மேல் ஒரு இழுப்புகூடக் கூடாது. உழைத்துவிட்டு வந்தவனை உடனே ஓடச் சொல்வார்களா?

நீங்கள் அன்றைக்குத் தேநீர்க் கோப்பையோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டு என்ன சொன்னீர்கள்? “மாமா, சவரம் முடிஞ்ச பிறகும் ஒரு பத்து இழுப்பு இழுத்து வச்சா நல்லதாமே?” என்றீர்கள். யார் சொன்னது என்று கேட்டேன். “போன்ல பார்த்தேன் மாமா” என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அதை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ, மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது மின்சாரச் சவரக் கருவி ஒன்றை என் கையில் திணித்தீர்கள். எதற்கு என்றேன். “சும்மா வச்சுக்கங்க மாமா” என்றீர்கள். என் அனுபவத்தில், சும்மா என்று சொல்லிக் கொடுத்தது எதுவும் சும்மா கொடுத்ததாக இருந்ததில்லை.

நீங்கள் போன வாரப் புதன்கிழமை கத்தியைக் கன்னத்தில் வைக்கிறேன், அது முடியை வெட்டவில்லை. ஒவ்வொரு முடியையும் பிடித்து விசாரணை செய்கிறது. எண்பது இழுப்பு இழுத்தேன், நூற்றிருபது இழுத்தேன், பிரயோஜனமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாணைக்கல்லில் தீட்டி, முன்கை முடியை மழித்துப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பெட்டியில் வைத்தேன். புதன்கிழமை எடுத்தால் மறுபடியும் கரண்டி. அப்படியென்றால் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். முதலில் உங்கள் அத்தையைக் கேட்டேன், தையல் பிரிக்க எடுத்தாயா என்று. “உங்க கத்தி எனக்கு எதுக்கு? எனக்கென்ன தாடியா முளைச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். நியாயமான பதில், அதனால் விட்டுவிட்டேன். மாடியில் குடியிருக்கும், படங்களுக்குச் சட்டம் போடுகிறவரைக் கேட்டேன். அட்டை வெட்டுகிறவர், ஆசை வந்திருக்கலாம். “சார், எங்கிட்ட ஏழு கத்தி இருக்கு. உங்களுக்கு வேணும்னா ஒண்ணு தரேன்” என்கிறார், எவ்வளவு திமிர் பாருங்கள். தெருமுனை முடிதிருத்துகிறவர் என்னைக் கண்டாலே சிரிக்கிறார், அவரையும் கேட்டேன். “ஐயா, உங்க கத்திய மழுக்கித்தான் நான் கடைக்கு ஆள் சேர்க்கணுமா? ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவ இங்க வந்து உக்காந்தீங்கன்னா உங்களுக்கும் நல்லது” என்று சொல்லி என் கையைப் பார்த்தார். நான் கையைப் பையில் விட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கை விஷயத்தையும் பேசிவிடுகிறேன். எனக்குக் கை நடுங்குகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். என் மகள் போனில், “அப்பா, இனிமே அந்தக் கத்தி வேணாமே” என்று அழாத குறை. கோப்பை தட்டில் கடகடவென்று சத்தம் போட்டால் அது தட்டின் கோணல். நீங்கள் வந்திருந்தபோது என் தாடையில் மூன்று பிளாஸ்திரி இருந்ததென்றால் அது கொசு. இந்தக் கடிதத்தில் எழுத்து ஆடுகிறதென்றால் மேசைக்கு ஒரு கால் குட்டை.

கடைசியில் பொறி வைத்தேன். பெட்டி மூடியில் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவி வைத்தேன், கைரேகை விழட்டும் என்று. காலையில் பார்த்தால் மூடி கண்ணாடி மாதிரி இருக்கிறது. “பவுடர் கொட்டிக் கிடந்துச்சு, தொடச்சு வச்சேன்” என்கிறாள் உங்கள் அத்தை. இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டாள், வெகுளி. பூதக்கண்ணாடி வைத்துத் தோல்வாரைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஆக, மழுக்கியவன் விவரம் தெரிந்தவன். எங்கள் குடும்பத்தில் கத்தியைப் பற்றி விவரம் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான் மாப்பிள்ளை. ஊரில் இருந்துகொண்டு எப்படிச் செய்தீர்கள், இங்கே யாரை ஆளாகப் பிடித்தீர்கள் என்பது மட்டும்தான் பாக்கி.

ஆகவே அடுத்த மாதம் வரும்போது அந்தக் கருவியை எடுத்துப் போய்விடுங்கள். உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. முன்னால் நாற்பது, பின்னால் ஒன்றுமில்லை என்று என் மகள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளுங்கள். உயிர் உள்ளவரை என் முகத்தை என் கையால்தான் மழிப்பேன்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கத்தி சரியானதும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பத்து நாள் கழித்துப் பிரித்து இதை எழுதுகிறேன். உறையை ஒட்டிய அன்று மதியம் தூங்குவதுபோல் குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். உங்கள் அத்தை வந்தாள். பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்து, கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் வாயை வைத்து நான்கு தேய்ப்புத் தேய்த்தாள். துடைத்து, எண்ணெய்கூடத் தடவி, இருந்தபடியே வைத்தாள். போகிறபோது போர்வையை இழுத்து என் கைமேல் போட்டுவிட்டுப் போனாள். நான் குறட்டையை நிறுத்தவில்லை. இந்த ஐந்து வாரத்தில் நான் ஒரு பிளாஸ்திரிகூட ஒட்டவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போதும் ஞாயிறும் புதனும் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி நாற்பது இழுப்பு இழுக்கிறேன். பிறகு கதவைத் தாழிட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, உங்கள் கருவியை ஓட்டுகிறேன். அவ்வளவு சத்தம். “ஒரு சவரத்துக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி?” என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சத்தம் குறைந்ததாக ஒன்று கிடைத்தால் வரும்போது கொண்டு வாருங்கள். அத்தைக்குத் தெரிய வேண்டாம்; பாவம், இவ்வளவு சிரமப்பட்டு மழுக்குகிறாள்.

சவரத்துக்குப் பின்னால் பத்து இழுப்பு என்று நீங்கள் சொன்னது தவறுதான். அதில் மாற்றமில்லை.